சூட்டில் பிடிக்காத கிட் கார்: மலைநாட்டு ரோட்டில் எந்த வைத்தியம் எடுபடும்?

காலையில் சாவியைத் தொட்டதுமே பிடித்துக்கொள்ளும் கார்தான். கம்பளையில் இருந்து ரம்பொடை வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறி, லபுக்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, கால் மணித்தியாலம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் பிடிக்காது. அரை மணித்தியாலம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலப் பிடிக்கும். பழைய காரின் சேஸில் ஃபைபர் பாடி ஏற்றி, வீட்டிலோ கராஜிலோ இப்படி இரண்டு சீட் கிட் கார் கட்டுபவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு.

அப்போது சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எலக்ட்ரிக் பம்ப் போடு, ஸ்டார்டரை மாற்று, ஜப்பான் எஞ்சின் இறக்கு, இன்ஜெக்‌ஷனுக்கு மாறு, 95 பெற்றோல் அடி. கடைசியாகச் சொன்னதை இப்போதே ஒதுக்கிவிடலாம். 95 என்ற ஒக்டேன் எண் சொல்வது நொக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டுவதை, தாங்கும் சக்தி. பெற்றோல் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்ற நான்கும் உண்மையான வைத்தியங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு. நோய் எது என்று பார்க்காமல் முதலில் எலக்ட்ரிக் பம்புக்குக் காசு கொடுப்பதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. என் கணக்கில் அது மூன்றாவதாக வரவேண்டியது.

முதலில் ஸ்டார்டருக்குக் காது கொடுங்கள். காலையில் சுற்றிய அதே வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், குற்றம் பெற்றோலில் அல்லது தீப்பொறியில். இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, "டிக்" என்ற ஒரே சத்தத்தோடு நின்றாலோ, கார்புரேட்டர் பக்கம் கையே வைக்க வேண்டாம். அது கரண்ட் விவகாரம்.

ஹெரால்டா, மைனரா

எந்தக் காரில் இருந்து கட்டுகிறோம் என்பதிலேயே சூட்டுப் பிரச்சினையின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தபோது, தனிச் சேஸ் வைத்த கார்கள் அருகிவந்த காலம். பாடியைக் கழற்றி எடுத்தாலும் சேஸ் தானாக உருண்டு ஓடும். பிரித்தானியாவில் 1970-களில் வந்த ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி போன்ற கிட்கள் ஹெரால்டு குடும்பத்துச் சேஸை நம்பி வந்ததற்குக் காரணம் அதுதான். திருப்பும் வட்டமும் மிகச் சிறியது, தோட்டத்து ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அருமை தெரியும். ஒரு எச்சரிக்கை: பின்சக்கரங்கள் ஸ்விங் அக்ஸிலில், அதாவது நடுவில் மட்டும் மடங்கி மேலும் கீழும் ஊசலாடும் அச்சில், தொங்குபவை. அப்புத்தளையில் இருந்து பெரகலைப் பக்கம் இறங்கும்போது வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தூக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துப் பழகுங்கள்.

மொரிஸ் மைனருக்குத் தனிச் சேஸ் இல்லை, தளமும் பாடியும் சேர்ந்துதான் பலம். ஆகவே அதன் எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங், பின் அக்ஸில் ஆகியவற்றை எடுத்துக் குழாய்ச் சேஸ் ஒன்றில் பொருத்த வேண்டும். வெல்டிங் வேலை அதிகம். ஆனால் இலங்கையில் மைனருக்குச் சாமான் கிடைக்கும் அளவுக்கு ஹெரால்டுக்குக் கிடைக்காது. நல்ல ஹெரால்டு சேஸ் ஏற்கனவே கையில் இருந்தால் ஹெரால்டு. தேடித்தான் வாங்க வேண்டும் என்றால் மைனர்.

சூட்டு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே குறை. கலவை உள்ளே போகும் இன்லெட், புகை வெளியேறும் எக்சோஸ்ட் மெனிஃபோல்டு (குழாய்த் தொகுதி) இரண்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்புரேட்டர் அடுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பம்பில் ஒரு வேறுபாடு உண்டு. ஹெரால்டில் எஞ்சின் புளொக்கில் பூட்டிய மெக்கானிக்கல் பம்ப். மைனரிலோ பிறக்கும்போதே எஸ்.யூ. கம்பனியின் எலக்ட்ரிக் பம்ப். அப்படியிருந்தும் மைனர்களும் சூட்டில் அடம்பிடிக்கின்றன. அந்தப் பம்ப் எஞ்சின் அறைக்குள், பின்சுவரில் பூட்டப்பட்டு, பின்னால் இருக்கும் டாங்கியில் இருந்து முழு நீளத்துக்கும் உறிஞ்சி எடுப்பதே அதற்குக் காரணம். உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெற்றோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் எந்த வகை என்பதை விட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

மலை உயரமும் இதில் சேர்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே தண்ணீரே சுமார் 94 பாகையில் கொதித்துவிடும், பெற்றோலும் அதே விகிதத்தில் முந்திக்கொள்ளும். வெளியே குளிர்காற்று அடிப்பதைப் பார்த்து "இந்தக் குளிரில் எங்கே வேப்பர் லொக்?" என்று, பெற்றோல் ஆவி குழாயை அடைப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பொனட்டுக்குள் காற்று ஓடுவது கார் ஓடும் வரைதான். நிறுத்தியதும் ஃபேனும் நின்று, தண்ணீர் ஓட்டமும் நின்று, வார்ப்பிரும்பில் சேர்ந்த சூடு முழுவதும் மேலே ஏறுகிறது. கிட் காரின் ஒடுங்கிய மூக்கில் அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு.

கரண்ட் பக்கம்: புது ஸ்டார்டரா, புது வயரா

தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் எங்கள் காரைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி இது: "தம்பி, இது தகரப் பாடி இல்ல, ஃபைபரு. கரண்ட்டு எந்த வழியா திரும்பிப் போகும்? சொல்லுங்க பாப்போம்."

பற்றரியின் எர்த் கேபிள் சேஸில் பூட்டியிருந்தது. எஞ்சினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான எர்த் பட்டை இல்லை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் புளொக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் ஒன்றரையைத் தாண்டியது. பிறகு சோக் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. ஸ்டார்டர் இழுக்கும் கரண்ட், வேறு வழி இல்லாமல், அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதே மீட்டரைப் பற்றரியின் மறு கம்பத்துக்கும் ஸ்டார்டர் முனைக்கும் நடுவிலும் வைத்துப் பாருங்கள், அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. பற்றரியைப் பின்னால் வைத்த கிட் காரில் கேபிள் நீளம் என்பதால் இது அடிக்கடி தவறும். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். செம்பின் தடை ஒரு பாகைக்குச் சுமார் 0.4 வீதம் ஏறும், 60 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். காலையில் சுற்றிய ஸ்டார்டர் லபுக்கலையில் தள்ளாடுவது அதனால்தான்.

இதற்கு எதிரே நிற்கும் வைத்தியம் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்டர். நல்ல சாமான்: குறைந்த கரண்டில் வேகமாகச் சுற்றும், உருவமும் சிறியது, எக்சோஸ்டில் இருந்து தள்ளி நிற்கும். ஆனால் சுற்றும் வேகத்தால் பல் முன்னே பாயும் பழைய இனர்ஷியா ஸ்டார்டருக்கான ரிங் கியரும் (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம்) புதியதற்கானதும் ஒன்றல்ல. பற்களின் எண்ணிக்கையும், பல் முனை சீவப்பட்டிருக்கும் பக்கமும் பொருந்த வேண்டும். பொருந்தாததைப் போட்டால் சில மாதங்களில் பற்கள் தேய்ந்து, கியர்பொக்ஸை இறக்க வேண்டிய நிலை வரும். எர்த் பட்டையும் தடித்த கேபிளும் சேர்ந்தாலும் அந்த ஸ்டார்டரின் விலையில் சிறு துண்டுதான். மீட்டர் சரியாகக் காட்டிய பிறகும் சூட்டில் தள்ளாடினால் மட்டும் ஸ்டார்டருக்குப் போங்கள். "டிக்" சத்தம் மட்டும் வருபவர்கள் சாவிக்கும், ஸ்டார்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினொய்டுக்கும் நடுவே ஒரு ரிலே போட்டுப் பார்க்கலாம்.

தீப்பொறி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பலாஸ்ட் ரெசிஸ்டருக்கென்று (கொயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) செய்த 1.5 ஓம் கொயிலை, பலாஸ்ட் இல்லாத பழைய வயரிங்கில் நேரடியாகப் பூட்டினால் அது சூடேறிச் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்க்கும். வயரிங்கைப் புதிதாக இழுக்கும் கிட் கார்களில் இந்தப் பொருத்தமின்மை சாதாரணம். பலாஸ்ட் இல்லை என்றால் 3 ஓம் கொயில். கண்டென்சரும் சூட்டில் கைவிடும், ஒன்றைக் கூடுதலாக டாஷ்போர்டில் வைத்திருங்கள். எலக்ட்ரோனிக் இக்னிஷன் நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மைனர் போன்றவை பொசிட்டிவ் எர்த் கார்கள், பற்றரியின் பொசிட்டிவ் முனையே பாடியில் பூட்டப்பட்டவை. எந்த எர்த்துக்கான மொடியூல் என்று பார்க்காமல் பூட்டினால் முதல் திருப்பிலேயே எரிந்துபோகும்.

பெற்றோல் பக்கம்: நான்கு வழிகள்

ஸ்டார்டர் நன்றாகச் சுற்றுகிறது, தீப்பொறியும் நீலமாக வருகிறது என்றால் பெற்றோல்தான். இங்கேயும் இரண்டு நோய்கள். எஞ்சின் நின்றதும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் கொதித்து மெனிஃபோல்டுக்குள் வழிவது ஒன்று. வரும் குழாயில் ஆவி நிறைந்து பம்ப் வெறுமையை அமுக்குவது மற்றொன்று. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து, விட்டுவிட்டு அடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்யுங்கள். பெற்றோல் மணத்தோடு கறுப்புப் புகை விட்டுப் பிடித்தால் கிண்ணம் வழிந்திருக்கிறது. வெகுநேரம் உலர்ந்து சுற்றி மெல்ல மெல்லப் பிடித்தால் குழாயில் ஆவி.

வழிந்த கிண்ணத்துக்கு எலக்ட்ரிக் பம்ப் எதுவும் செய்யாது, சாவியை மூடியதும் அதுவும் நின்றுவிடுகிறதே. அதற்கு வேண்டியது வெப்பத் தடை. கார்புரேட்டருக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவே 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்பில் பேக்லைட் ஸ்பேசர், அதோடு எக்சோஸ்டுக்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் காற்றிடைவெளி விட்டு, ஓர் அலுமினியத் தகடு. லேத் பட்டறையில் ஸ்பேசரை அறுத்துத் தருவார்கள். நீளமான ஸ்டட், இருபுறமும் கஸ்கெட் வேண்டும். பதிந்த பொனட்டாக இருந்தால் மூடும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நான் இந்த நான்கில் முதலில் கைவைப்பது இதில்தான். மலிவு, பழுதாக அசையும் பாகமே இல்லை, பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும்.

பொனட்டில் லூவர் (காற்றுப் பிளவுகள்) வெட்டுவதும் இதன் துணை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் மேலே வேண்டாம். தென்மேல் மழைக்காலத்தில் வட்டவளை வழியாக ஒரு தடவை ஏறினால், நாட்டில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று அது என்பது எஞ்சினுக்கும் தெரிந்துவிடும்.

குழாயில் ஆவி என்றால் இரண்டாவது வழி ரிட்டர்ன் லைன். கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு டீ பூட்டி, ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு வழியாக மிச்சப் பெற்றோலை டாங்கிக்கே திருப்பி அனுப்புவது. பம்ப் அமுக்கும் அளவில் சிறு பகுதியைத்தான் எஞ்சின் குடிக்கிறது. மீதி சுற்றிக்கொண்டே இருந்தால் குழாயில் எப்போதும் குளிர்ந்த பெற்றோல் ஓடும், ஆவியும் டாங்கிக்குப் போய்விடும். ஜப்பான் கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் பம்பிலேயே மூன்றாவது குழாய் இருப்பது இதற்குத்தான். கிட் கார் கட்டுபவருக்கு இதில் ஒரு வசதி: டாங்கியை எப்படியும் புதிதாகச் செய்கிறோம், அப்போதே ஒரு குழாயைக் கூடுதலாக வைக்கச் சொல்லலாம். பெற்றோல் ஊற்றிப் பாவித்த பழைய டாங்கிக்கு வெல்டிங் வைப்பது உயிராபத்து, அதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

மூன்றாவது எலக்ட்ரிக் பம்ப். டாங்கிக்குப் பக்கத்தில், டாங்கியின் அடிமட்டத்தில் பூட்டினால் அது உறிஞ்சாமல் தள்ளும், குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். குழாயில் ஆவி சேர்வதற்கு இதுதான் மிக உறுதியான தீர்வு. 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிப் பாரம்பரியத்தால் நுவரெலியாப் பக்கம் போட்டிக் கார்காரர்களின் யோசனைக்கு மதிப்பு அதிகம், அவர்கள் இதைத்தான் சொல்வார்கள். முழு ஆக்சிலேட்டரில் பெற்றோல் குறையக்கூடாது என்பது அவர்கள் தேவை. தேத்தண்ணிக்கு நிறுத்திய பிறகு கிண்ணம் கொதிப்பது நம் பிரச்சினை. இரண்டும் ஒன்றல்ல. போடுவதென்றால் எஸ்.யூ. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் தராத பம்பாகப் பாருங்கள், கூடினால் ஊசி வால்வைத் தள்ளி வழியும். ஹெரால்டு புளொக்கில் கழற்றிய பம்பின் துவாரத்தைத் தகடும் கஸ்கெட்டும் வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஒயில் வடியும்.

நான்காவது, இன்ஜெக்‌ஷன் உள்ள ஜப்பான் எஞ்சின். பெற்றோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்பதால், பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காதது போல, அதுவும் லேசில் ஆவியாகாது. உயரம் கூடும்போது கலவையையும் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரால் முடியாத வேலை அது. ஆனால் வயரிங், கம்ப்யூட்டர், உயரழுத்தப் பம்ப், டாங்கி எல்லாம் புதிது. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்ற வேண்டும். இரவில் கினிகத்தேனையில் ஒரு சென்சர் செத்தால் ஸ்குரூ டிரைவரோடு ஓடிவரும் பாஸால் ஒன்றும் செய்ய முடியாது. தினமும் ஓட்ட வேண்டிய கார், எஞ்சினும் எப்படியும் மாற்றப்போகிறது என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். பழைய எஞ்சினின் சத்தத்துக்காகவே காரைக் கட்டுபவர், வெறும் சூட்டு ஸ்டார்ட்டுக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

எலக்ட்ரிக் பம்ப் என்று முடிவெடுப்பவர்கள் அதைச் சாவியில் நேராகக் கொடுத்துவிட வேண்டாம். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் அது பெற்றோலை அமுக்கிக்கொண்டே இருக்கும், ஃபைபர் பாடி தீயில் நிற்காது. ஒயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கரண்ட் கொடுத்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்டர் லைனில் இருந்து டயோட் வைத்துத் தனி வழி கொடுங்கள். ஒயில் பிரஷர் விழுந்ததும் பம்ப் தானாக நிற்கும்.