தாடைக்குச் சொந்த எலும்பா, மாட்டெலும்புத் துகளா?

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மூன்று வருடம் அப்படியே விட்டிருந்தேன். மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்தால் எலும்பின் அகலம் 4 மி.மீ.தான். பல் போன ஒரு வருடத்துக்குள் அகலம் ஏறக்குறைய பாதி கரைந்துவிடுமாம். 4 மி.மீ. தடிமன் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும் திருகு) வைக்க, இருபுறமும் எலும்பு மிச்சம் நிற்க, 6 மி.மீ.யாவது வேண்டும். அதனால் முதலில் எலும்பு வளர்க்க வேண்டியதாயிற்று.

சொந்த எலும்பை ஞானப்பல் இருக்கும் பக்கமோ முகவாயிலோ வெட்டி எடுப்பார்கள். உயிருள்ள செல்கள் இருப்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெரிய பள்ளத்துக்கு அதையே சொல்கிறார்கள், சரிதான். என் சித்தப்பா மகன் அப்படித்தான் செய்தார். எலும்பு வைத்த இடம் ஆறிவிட்டது. எடுத்த இடம்தான் அவரை வாட்டியது. கீழுதடு ஒரு மாதம் மரத்தே கிடந்தது.

நான் துகளுக்குச் சம்மதித்தேன். மாட்டெலும்பிலிருந்து புரதத்தை எல்லாம் நீக்கிவிட்டு, தாதுவை மட்டும் வைத்திருப்பார்கள். பார்க்க வறுத்த ரவை மாதிரி இருந்தது. டாக்டர் அதை என் ரத்தத்தில் குழைத்து அப்பி, மேலே கொலாஜன் சவ்வு போர்த்தித் தைத்தார். ஈறு எலும்பைவிட வேகமாக வளரும். சவ்வு இல்லாவிட்டால் ஈறே உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காத்திருக்கும் காலத்தை நினைத்துத்தான் முடிவெடுத்தேன். வெட்டி வைத்த சொந்த எலும்பு நாளாக ஆகக் கரையும், இம்ப்ளான்டைத் தள்ளிப்போட்டால் நஷ்டம். இந்தத் துகள் மிக மெதுவாகத்தான் கரையும், வைத்த கனம் பெரும்பாலும் நிற்கும். மழையில் ரப்பர் வெட்டு நின்று, காசு புரட்டி, ஆறாம் மாதம் போக வேண்டியவன் ஒன்பதாம் மாதம்தான் போனேன். மறு ஸ்கேனில் 7 மி.மீ. இருந்தது! அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு லேசானது.

ஆனால் துகள் முழுக்க என் எலும்பாக மாறிவிடாது, கொஞ்சம் உள்ளேயே தங்கும். எனக்கு இம்ப்ளான்ட் வைத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மரச்சீனியும் மீனும் அந்தப் பக்கமே மெல்கிறேன். பத்து வருடம் கழித்து எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் இரண்டு முறையையும் கெடுக்கும். மாட்டெலும்பு வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செயற்கைத் துகளும் உண்டு. அப்புறம், இனிமேல்தான் பல் பிடுங்கப் போகிறீர்கள் என்றால், அன்றைக்கே குழியை நிரப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அது தெரியாமல் போயிற்று.