எம்டனை எடுங்க, மிட்வேயை விடுங்க: குன்னூர் ஜெட் சிமுலேட்டர் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிட்வே ஆட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். குன்னூர் பெட்போர்டு பக்கம் பேக்கரிக்கு மேல் மாடியில் திறந்திருக்கிற சிமுலேட்டர் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ எல்லாமே மிட்வேதான், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய கடற்போர். அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்று நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் வரிசையாகப் பற்றி எரியும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் உட்கார்ந்து ஓட்டினால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும்.

கடையின் சரக்கு இதுதான்: இன்றைய போர் விமானம் ஒன்றைப் பழைய போர் ஒன்றுக்குள் அனுப்பிவிடுவார்கள், ஓட்டுவது நீங்கள். மிட்வே, லோங்கேவாலா, எம்டன் என்று மூன்று இருக்கிறது. சாதா, கடினம் என்று இரண்டு நிலை. 40 நிமிஷத்துக்கு 900 ரூபாய். ஊட்டிக்கு வருகிற சுற்றுலாக் கூட்டத்தை நம்பித்தான் ஆரம்பித்திருப்பார்கள், ஆனால் வார நாட்களில் போனால் ராணுவ ஊரான வெலிங்டன் பக்கமிருந்து வருகிற ரிட்டயர்டு ஆட்கள்தான் அதிகம்.

மிட்வேயில் என்ன குறை என்றால், ஒரு குறையும் வைக்காததுதான். 1942 ஜூன் 4, உங்களிடம் அமெரிக்காவின் இன்றைய சூப்பர் ஹார்னெட் ஜெட். எதிரில் வருகிற ஜீரோ விமானத்தின் உச்ச வேகமே மணிக்கு 530 கிலோமீட்டர் சொச்சம், நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாத தூரத்திலிருந்து ஏவுகணையை விடுகிறீர்கள், முடிந்தது. அப்புறம் சாவகாசமாக எண்டர்பிரைஸ் என்கிற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் வந்து இறங்கச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். அன்றைய எண்டர்பிரைஸின் மேல்தளம் மரப்பலகை. அதில் ஏறி இறங்கியவை முழு லோடோடு சேர்த்தே நாலைந்து டன் தேறுகிற விமானங்கள். சூப்பர் ஹார்னெட் முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 30 டன். இறங்கும்போது பிடித்து நிறுத்துகிற கம்பி தாங்காது, கிளம்பும்போது உந்தித் தள்ளுகிற நீராவிக் கவண் 1950களில்தான் வந்தது, சாய்கோண ஓடுதளமும் அப்போதுதான். இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் சொகுசாக இறக்கிவிட்டால், கம்ப்யூட்டரைத் தட்டி யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், அதற்கு எதற்கு 900 ரூபாய்?

லோங்கேவாலா பரவாயில்லை. 1971 டிசம்பர் 4 ராத்திரி, ராஜஸ்தான் எல்லையில் சுமார் 120 பேர் கொண்ட நம்முடைய ராணுவக் காவல் நிலையைப் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்துகொண்டன. ஜெய்சால்மரில் இருந்த ஹன்டர் விமானங்களால் இருட்டில் சண்டை போட முடியாது, அதனால் விடியும்வரை அந்த ஆட்கள் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஆட்டம் அந்த ராத்திரிக்குள் உங்களை நுழைக்கிறது. இருட்டிலும் வெப்பத்தை வைத்துப் படம் காட்டுகிற கருவி உங்களிடம் இருக்கிறது, டாங்கி இன்ஜின் சூடு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எது யாருடைய சூடு என்று கீழேயிருந்து சொல்ல ஆள் கிடையாது, உங்கள் ரேடியோவும் அவர்களுடைய ரேடியோவும் ஒத்துப்போகாது. மறுநாள் காலை ஹன்டர்களுக்கு வழி காட்டியது மேலே சுற்றிக்கொண்டிருந்த சின்ன கிரிஷக் விமானம், இங்கே அதுவும் இல்லை. டாங்கிகள் முள்கம்பி வேலிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கின்றன, குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் நம் ஆட்கள்தான். கை நடுங்கும். மணல் மட்டும் சிமென்ட் தரை மாதிரி வரைந்திருக்கிறார்கள், அதைச் சரிசெய்யலாம்.

சரி, எம்டனுக்கு வருகிறேன். இதற்காகவே கோத்தகிரியிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ பஸ் ஏறி வரலாம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் 30 கிளம்புகிறது, மேகத்துக்குள் போய் வெளியே வந்தால் 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பது மணி. மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே விளக்கை அணைத்துக்கொண்டு ஜெர்மன் கப்பல் எம்டன் நெருங்கிக்கொண்டிருக்கிறது, அரை மணி நேரத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் மேல் குண்டு போடப்போகிறது. அதற்குள் நிறுத்த வேண்டும். பிரீஃபிங் முழுக்கத் தமிழில், பில்டப் இல்லாமல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு குரலில் வருகிறது, அதுவே ஒரு அழகு.

சாதா நிலையில் பிரம்மோஸ் ஏவுகணை கொடுப்பார்கள். சுகோய் வயிற்றுக்கு அடியில் ஒன்றே ஒன்றுதான் தொங்கும், இரண்டரை டன். ஒலியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வேகத்தில் போய், 118 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலைக் காணாமல் ஆக்கிவிடும். சின்னப் பையன்களுக்கு அது போதும்.

நீங்கள் கடினத்தைக் கேளுங்கள். கடினத்தில் பிரம்மோஸ் கிடையாது. ஜிபிஎஸ் வேலை செய்யாது, முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளே 1978இல்தானே மேலே போனது. செயற்கைக்கோளை நம்புகிற குண்டுகள் எல்லாம் வெறும் இரும்பு. லேசர் குண்டு வேலை செய்யும், ஆனால் இலக்கை நீங்களே கண்டுபிடித்து லேசரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கிற சொந்த வழிகாட்டி நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அதைச் சரிபார்க்க ஒரு அடையாளம் வேண்டும், அதற்கு இவர்கள் வைத்திருப்பது ஹைகோர்ட் கட்டிடத்து உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கம்! 1894 முதல் 1977 வரை மெட்ராஸின் கலங்கரை விளக்கம் அங்கேதான் இருந்தது, அதைச் சரியாக வைத்த ஆள் யாரோ அவருக்கு ஒரு கும்பிடு.

ராடாரில் கப்பல்கள் தெரியும். எது எம்டன் என்று தெரியாது. துறைமுகத்தில் வணிகக் கப்பல்களும் நிற்கின்றன, அதில் ஒன்றை அடித்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தாழ வந்து கேமராவில் புகைபோக்கிகளை எண்ண வேண்டும், எம்டனுக்கு மூன்று. நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போடுகிற பழக்கமும் அதற்கு உண்டு, கடினத்தில் சில சமயம் அப்படியும் வந்து நிற்கும். ரொம்பத் தாழ வந்தால் சத்தத்தில் ஊரே விழித்துக்கொள்கிறது. பீரங்கியால் சுடலாம் என்றால் மொத்தம் 150 குண்டுதான், விசையை அழுத்திப் பிடித்தால் ஐந்தாறு விநாடியில் காலி.

எம்டனை அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போதுதான் நிஜ ஆட்டம். எங்கே இறங்குவது? 1914இல் தஞ்சாவூரில் ஓடுதளம் கிடையாது, சூலூரில் கிடையாது, இந்தியா முழுக்கத் தேடினாலும் சுகோய் இறங்கக் கான்கிரீட் கிடையாது. மெரினாவில் இறக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், மணலில் முன்சக்கரம் புதைந்து கவிழும். பெட்ரோலுக்கும் வழியில்லை. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம், அன்றைக்கு அந்த ஊரில் எண்ணெய் சேர்த்து வைத்திருந்த இடம் நீங்கள் காப்பாற்றப் போன அதே டாங்கிகள்தான். இந்தக் குசும்புக்கே 900 ரூபாய் தகும்.

நான் போன அன்று பக்கத்து சீட்டில் இருந்த ரிட்டயர்டு விமானப்படைக்காரர் ஒருவர், கடைப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வர்றவங்க எல்லாரும் ஏவுகணை எத்தனைன்னுதான் கேக்குறாங்க தம்பி. டயர் மாத்துறது யாரு, நட்டு யாரு கொண்டு வருவாங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல." பையன், "அதுக்கும் ஒரு லெவல் போட்டுறலாம் சார்" என்றான். போட்டால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

வசதிகள்: ஸ்டிக்கும் த்ராட்டிலும் இரும்பு, நல்ல கனம், குன்னூர் குளிருக்குக் காலையில் தொட்டால் ஐஸ். கண்ணில் மாட்டுகிற திரையான விஆர் மாட்டினால் முகத்துச் சூட்டுக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது, பையன் ஹேர் டிரையரால் சூடு காட்டித் தருகிறான், இருபது நிமிஷம் தாங்கும். மழை நாளில் விஆர் வேண்டாம், மூன்று திரை போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த வயிற்றோடு நேராகப் போய் உட்காராதீர்கள், கீழே பேக்கரியில் வர்க்கியும் டீயும் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள். கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிஷம் இழுக்கும், அதற்குள் வரவில்லை என்றால் மீதி நேரத்தை இன்னொரு நாள் தருகிறார்கள். அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்பினால் அடுத்த முறை வேறு ஆள் இருப்பார். சனி ஞாயிறு 200 ரூபாய் கூடுதல், மே மாசம் பக்கமே போகாதீர்கள்.