உயர்பதவி தேடும்போது யார் வழியாகப் போவது: தேடல் நிறுவனமா, வேலை முகவையா, நேரடித் தொடர்பா?

சிங்கப்பூரில் எங்கள் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது எனக்கு வயது 49. வட்டாரச் செயல்பாட்டு இயக்குநராக இருந்தேன். மறுநாளே சுயவிவரத்தைத் திருத்தி, நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டர்களில் கைப்பேசியில் எண் இருந்த பதினொருவருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று வாரங்களில் இருவர் மட்டுமே பதில் எழுதினார்கள். அந்தப் பதினொருவரும் ஒரே தொழில் செய்பவர்கள் என்று எண்ணியதுதான் என் பிழை. அவர்களுக்குப் பணம் எப்போது, எதற்காகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் இருவேறு தொழில்கள் தெரியும். இரண்டிலும் பணம் கொடுப்பது முதலாளி, வேலை தேடும் நாம் அல்ல.

கோர்ன் ஃபெர்ரி, ஸ்பென்சர் ஸ்டூவர்ட், ஈகான் செண்டர் போன்ற தேடல் நிறுவனங்கள் முதல் வகை. தலைமை நிர்வாகி, நிதித் தலைவர், வட்டாரத் தலைவர் போன்ற பதவிகளை ஒரே நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைத்து, ஆள் கிடைக்கும் முன்பே கட்டணத்தின் முதல் தவணையை முதலாளி செலுத்திவிடுவார். மொத்தக் கட்டணம் பொதுவாக முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு 240,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறும் பதவிக்கு 80,000 வெள்ளி. இரண்டாம் வகையான வேலை முகவைக்கு, ஆள் வேலையில் சேர்ந்தால்தான் காசு. 20 முதல் 30 விழுக்காடு வரை வாங்குவார்கள். ஆனால் அதே பதவிக்கு மூன்று நான்கு முகவைகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

தேடல் நிறுவனத்தின் ஆலோசகர் நமக்கு வேலை தேடித் தருபவர் அல்லர். அவர் கையில் ஒரு பதவி இருக்கும். அதற்குப் பொருந்துபவரைத் தேடிப் போவார். நாம் அனுப்பும் சுயவிவரம் அவருடைய தரவகத்தில் சேரும், அவ்வளவே. பதில் வராதது அவமதிப்பன்று, அந்தத் தொழிலின் இயல்பு. அவர்களுடைய வாடிக்கையாளர் நிறுவனங்களிலிருந்து குறிப்பிட்ட காலம்வரை ஆளை இழுக்கக்கூடாது என்ற ஒப்பந்தமும் வழக்கமாக இருக்கும் என்பதால், நாம் வேலை பார்க்கும் இடமே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தால், எவ்வளவு தகுதி இருந்தாலும் அழைப்பு வராது. அதற்காகவே ஒரே தேடல் நிறுவனத்தை நம்பியிருக்காமல் நான்கைந்து இடங்களில் அறிமுகம் வைத்துக்கொள்வது நல்லது. மாறாக, அவர்களே அழைத்துவிட்டால் கிடைக்கும் மதிப்பு வேறெங்கும் கிடைக்காது: இயக்குநர் குழு என்ன எதிர்பார்க்கிறது, முந்தையவர் ஏன் விலகினார், நேர்முகத்தில் யார் எதைத் தோண்டுவார் என்பதையெல்லாம் விளக்கிச் சொல்வார்கள். அந்த அழைப்பு வரும் இடத்தில் இருப்பதற்கு வேலையில் இருக்கும்போதே உழைக்க வேண்டும். 'இந்தப் பதவிக்கு உங்களுக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா?' என்று ஆலோசகர் கேட்கும்போது நேரமில்லை என்று துண்டிக்காமல் இரண்டு நல்ல பெயர்களைச் சொல்பவரை அவர்கள் மறப்பதில்லை. நான் பல ஆண்டுகள் துண்டித்தவன். அதன் விலை பிறகு தெரிந்தது.

முகவைகள் வேகமானவை. மேலாளர், மூத்த மேலாளர், சிறிய நிறுவனங்களின் இயக்குநர் பதவிகளுக்கு அவர்களே பயன்படுவார்கள். அழைத்த வாரத்திலேயே நேர்முகம்கூட நடக்கும். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு முகவை என்னிடம் கேட்காமலே என் சுயவிவரத்தை ஒரு தளவாட நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு முகவை, என் சம்மதத்தோடு, அதே நிறுவனத்துக்கு அனுப்பியது. கட்டணம் யாருக்கு என்ற தகராறு வேண்டாம் என்று அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு என் பெயரையே எடுத்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. சம்மதமின்றி விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பது முறையன்று என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு, 'நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, நான் எழுத்தில் சம்மதம் தந்தபின்பே அனுப்புங்கள்' என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதினேன். தேதியோடு ஓர் அட்டவணையும் வைத்துக்கொண்டேன்.

சம்பளப் பேச்சில் முகவை நம் பக்கம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள், சம்பளம் உயர்ந்தால் கட்டணமும் உயருமே என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 240,000 வெள்ளிப் பதவியில் 25 விழுக்காடு என்றால் முகவைக்கு 60,000. நாம் இன்னும் 12,000 வெள்ளிக்குப் பிடிவாதம் பிடித்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 3,000. பேச்சு முறிந்தால் போவது முழு 60,000. 'இதை ஏற்றுக்கொள்ளுங்கள், நல்ல வாய்ப்பு' என்ற அறிவுரை வருவது அதனால்தான். தேடல் நிறுவனத்துக்கு முன்பணம் வந்துவிட்டதால் அந்த அவசரம் குறைவு.

மூன்றாவது வழி நேரடித் தொடர்பு, அதாவது பழைய மேலாளர்கள், சகாக்கள் வழியாக வாய்ப்பைத் தேடுவது. சிங்கப்பூரில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்துக்கு முன் வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் விளம்பரப்படுத்த வேண்டும் என்று மனிதவள அமைச்சு வகுத்துள்ள விதியிலிருந்து, மாதச் சம்பளம் 22,500 வெள்ளி அல்லது அதற்கு மேலுள்ள பதவிகளுக்கு 2023 செப்டம்பர் முதல் விலக்கு உண்டு. ஆகவே உச்சப் பதவிகள் பல எந்தத் தளத்திலும் தோன்றாமலே நிரம்பிவிடலாம். தினமும் தளங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதில் அந்த நிலையில் பெரும்பயன் இல்லை.

இங்கே தொழில் செய்யும் முகவைக்கு உரிமமும் அதன் ஊழியருக்குப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இரண்டையும் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். 'மறைந்திருக்கும் பதவிகளை' காட்டுவதாகச் சொல்லி நம்மிடமே பணம் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம்.

என் கணிப்பில், மாதச் சம்பளம் 15,000 வெள்ளிக்குக் கீழுள்ள பதவிகளுக்கு இரண்டு நல்ல முகவைகளே போதும். அதற்கு மேலே போகப் போக நேரத்தில் பாதியைப் பழைய மேலாளர்களுக்கும் சகாக்களுக்கும் கொடுக்க வேண்டும். ஐந்தாவது மாதம் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் என் முன்னாள் மேலாளரோடு தேநீர் குடித்தபோது, அவர் இப்போதிருக்கும் நிறுவனம் ஒரு செயல்பாட்டுத் தலைவரைத் தேடுவதாகவும், அந்தப் பணியைத் தேடல் நிறுவனத்திடம் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அங்கேயே ஆலோசகரை அழைத்து என் பெயரைச் சொன்னார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆலோசகர் என்னை அழைத்து முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் முடிவில், என் சுயவிவரம் ஐந்து மாதங்களாகத் தங்கள் தரவகத்தில் இருப்பதை அப்போதுதான் கவனித்ததாகச் சொன்னார்.