பி.டி.ஐ ஏஜெண்டா, மொழி மாதிரி ஏஜெண்டா?

ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து வேலை செய்யும் குழுவில் யார் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார், யார் வாயே திறக்க மாட்டார் என்பதை, ஒவ்வொருவரையும் ஒரு ஏஜெண்டாக, அதாவது தானே முடிவெடுக்கும் சிறு நிரலாக வைத்து மென்பொருளில் ஓட்டிப் பார்க்க நினைத்தால், இரண்டு வழிகள் முன்னால் நிற்கின்றன.

பழையது பி.டி.ஐ (BDI), அதாவது நம்பிக்கை, ஆசை, எண்ணம் என்ற மூன்றை வைத்து ஏஜெண்டை முடிவெடுக்க வைக்கும் முறை. தத்துவவாதி மைக்கேல் பிராட்மன் 1987-ல் எழுதியதை வைத்து கணினி ஆய்வாளர்கள் ராவும் ஜார்ஜெஃப்பும் தர்க்கமாக வடித்தது. "போன தடவை நான் உதவினேன், அவர் திருப்பிச் செய்யவில்லை" என்பது ஏஜெண்டின் நம்பிக்கையில் ஏறிவிட்டால், அடுத்த கேள்விக்கு அது நழுவும் திட்டத்தை எடுக்கும். ஏன் நழுவியது என்று நாம் எழுதிவைத்த விதியைத் திறந்து விரல் வைத்துக் காட்டலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனால் நாம் எழுதாத பொறாமை அதற்கு வராது.

இன்னொன்று மொழி மாதிரி, அதாவது சாட்ஜிபிடி போல ஏராளமான எழுத்தில் பழகிப் பதில் எழுதும் நிரல். அந்த வழியில் விதி எழுதும் பாடு குறைவு. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 25 ஏஜெண்டுகளை ஒரு கற்பனை ஊரில் விட்டு, ஒன்றிடம் மட்டும் காதலர் தின விருந்து யோசனையைக் கொடுத்தார்கள். சேதி வாய்வழியாகப் பரவியது, ஆர்வம் காட்டிய சில ஏஜெண்டுகள் வராமலும் போயின. சரி, அழகுதான். ஆனால் அவை அளவுக்கு மீறிப் பணிவாகப் பேசின, எதற்கும் ஒத்துப்போயின என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தகவலைப் பதுக்குவதை ஆராய வந்தவருக்கு அது உதவாது. நான் முடிவெடுப்பதை பி.டி.ஐயிடமும் பேச்சை மட்டும் மொழி மாதிரியிடமும் விடுவேன்.