டூடுல் நாய் வாங்கி 2 வருஷம், தஞ்சாவூர் க்ரூமிங் கடைக்கு 11 தடவ

நாய்க்கு முடி வெட்டி குளிப்பாட்டி விடற கடையப் பத்தி மட்டும் எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா நாயப் பத்தி சொல்லாம கடையப் பத்தி சொன்னா பாதிதான் புரியும், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

எங்களுக்கு கும்பகோணம் பக்கம், அரசலாத்தங்கரையில ஒரு கிராமம். வீட்டுல இருக்கறது லேப்ரடூடுல், லேப்ரடாரும் சுருட்டை முடி பூடுலும் சேந்த கலப்பு. பூடுலோட சேத்த கலப்பையெல்லாம் டூடுல்னு சொல்லுவாங்க. பால் கொஞ்சம் தூக்கலா விட்ட காபி கலர்ல இருந்தான், பையன் டிகிரின்னு பேர் வெச்சுட்டான். தெருவுல யாரும் அந்தப் பேர சொல்லிக் கூப்புடறதில்ல, செம்மறின்னுதான் சொல்றாங்க. வந்த புதுசுல பக்கத்துத் தெரு ஆயா ஒண்ணு நின்னு நிதானமா பாத்துட்டு "ஐயனாருக்கு நேந்து விட்டதா தம்பி"ன்னு கேட்டுச்சு, நாய்தான் ஆயான்னு சொன்னதுக்கு நம்பவே இல்ல, அது குலைச்சதுக்கு அப்புறந்தான் நம்புச்சு.

சரி, கடை. தஞ்சாவூர்ல இருக்கு, பேரு போடல, போட்டா காசு வாங்கிட்டு எழுதறேம்பீங்க. முதல் தடவ போனப்ப டிகிரிக்கு 9 மாசம். அதுவரைக்கும் நானே ஷாம்பு போட்டு குளிப்பாட்டி, மேலாப்புல பிரஷ் போட்டுட்டு இருந்தேன், பாக்க புஸுபுஸுன்னு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கடை தம்பி பிரஷ்ஷையே எடுக்கல, ஸ்டீல் சீப்பு ஒண்ண எடுத்து அக்குள்கிட்ட தோல் வரைக்கும் விட்டான். சீப்பு அப்படியே நின்னுடுச்சு. முடிய விரலால விலக்கி என்னையும் பாக்கச் சொன்னான், உள்ள ஒரே கம்பளி மாதிரி சடை, காதுக்குப் பின்னாடி, தொடையிடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில எல்லாம். அதுக்குள்ள நாயுருவி விதை கொத்து கொத்தா மாட்டிக் கெடக்கு. வரப்புல நடந்தா வேட்டியில ஒட்டும்ல, அதேதான், வேட்டின்னா உதறிடலாம், சுருட்டை முடியில மாட்டுனா உள்ள உள்ளதான் போகும். விரலிடுக்குல நாலு உண்ணி வேற. மெஷின ஓட்டிப் பாத்தான், பிளேடு திக்குச்சு. "அண்ணே, இத சிக்கெடுக்கறேன்னு இழுத்தா அவனுக்கு உயிர் போகும், முழுசா எடுத்துரலாம், மறுபடி வளந்துரும்"னான். மூணு மணி நேரம் ஆச்சு. உரிச்சு எடுத்தப்ப சடை தனித்தனி முடியா வரல, ஒரு கம்பளித் துண்டு மாதிரி மொத்தமா வந்துச்சு, டேபிள்ல விரிச்சு வெச்சுருந்தான், எனக்கு வெக்கமா போச்சு.

எனக்குத் தெரியாம நான் பண்ணிட்டு இருந்த தப்பு, சிக்கோடவே குளிப்பாட்டுனது. சிக்கு இருக்கறப்ப தண்ணி பட்டா அது இன்னும் இறுகிடும், அதனால மொதல்ல சீப்பு, அப்புறம் குளியல், அப்புறம் டிரையர் போட்டுக்கிட்டே மறுபடி சீப்பு, இந்த வரிசை மாறக் கூடாது. இத அந்தத் தம்பி எனக்கு பக்கத்துல நிக்க வெச்சு சொல்லிக் குடுத்தான், சொல்லிக் குடுத்தா நாம அடுத்த மாசம் வரமாட்டோம்னு தெரிஞ்சே சொல்லிக் குடுத்தான் பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார். (போகாம இருக்க முடியலங்கறது வேற விஷயம்.)

முதல் தடவ 1,800ம் சடைக்கு தனியா 600ம் வாங்குனாங்க. இப்ப ஒண்ற மாசத்துக்கு ஒருக்கா போறதால 1,600. கணக்கு போட்டுப் பாத்தேன், 11 தடவைக்கு சுமாரா 18,400 ஆயிருக்கு, நாய் வாங்குனது 32,000, அதுல பாதிக்கு மேல முடி வெட்டவே போயிருக்கு. என் தலைக்கு மாசம் 120 ரூவா.

இப்ப நாயோட கதைக்கு வர்றேன், ஏன்னா கோவம் அங்கதான்.

பையனுக்கு சின்ன வயசுலேருந்து வீசிங். அதனால நாயே வேணாம்னு இருந்தோம். அப்பதான் ஒரு பிரீடர், எந்த ஊருன்னும் சொல்ல வேணாம், "பூடுல் கிராஸ்ங்க, முடியே கொட்டாது, அலர்ஜியே வராது, ஹைப்போஅலர்ஜெனிக், வெளிநாட்டுல டாக்டருங்களே சொல்றாங்க"ன்னாரு. பேப்பர் இருக்கான்னேன், கேசிஐ, அதான் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, பேப்பரே தரேன்னாரு. குட்டிய 40 நாள்ல குடுத்தாரு, கூடவே லேமினேஷன் போட்ட ஒரு அட்டை. பின்னாடிதான் தெரிஞ்சுது, கென்னல் கிளப்புல கலப்பினத்தப் பதியவே மாட்டாங்க, அந்த அட்டை அவரே கம்ப்யூட்டர்ல அடிச்சது. அதே மாதிரி 2017ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாது. 40 நாள்னா ஆறு வாரம்கூட முழுசா ஆகல. கேட்டுட்டு வாங்கியிருக்கணும், குட்டிய மடியில வெச்சப்புறம் எவன் விதி கேப்பான்.

எட்டு மாசம் வரைக்கும் பையனுக்கு ஒண்ணும் இல்ல. குட்டி முடி போயி பெரிய முடி வர ஆரம்பிச்சப்ப தும்மலும் ஆரம்பிச்சுது. கும்பகோணத்துல டாக்டர்கிட்ட போனோம், அவங்க சிரிச்சுட்டு சொன்னாங்க, அலர்ஜி முடியில இல்லீங்க, நாயோட எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்கற புரதத்துலதான் இருக்கு, எல்லா நாய்க்கும் அது உண்டு, கொட்டற முடி கம்மியா இருக்கலாம், அதுக்காக அலர்ஜி இல்லாத நாய்னு ஒண்ணு கெடையாதுன்னு. இப்ப டிகிரி திண்ணையிலயும் கூடத்துலயும்தான், பையன் ரூமுக்குள்ள நோ என்ட்ரி, ரெண்டு பேருக்கும் வருத்தம், ஆனா தும்மல் கொறைஞ்சுருக்கு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா லேப்ரடூடுல பிரபலமாக்குன கதையே கிட்டத்தட்ட எங்க வீட்டுக் கதைதான். 1980கள் கடைசியில ஆஸ்திரேலியாவுல வழிகாட்டி நாய் பழக்கற நிறுவனத்துல வாலி கான்ரன்னு ஒருத்தர் இருந்தாரு. ஹவாய்லேருந்து பார்வையில்லாத ஒரு அம்மா வழிகாட்டி நாய் கேட்டாங்க, அவங்க வீட்டுக்காரருக்கு நாய் அலர்ஜி. கான்ரனும் பூடுல எல்லாம் பழக்கிப் பாத்து சரிப்படாம, கடைசியில லேப்ரடாரோட சேத்தாரு. மூணு குட்டி. மூணோட முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி டெஸ்ட் பண்ணா, ஒரு குட்டிதான் அந்த வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிச்சு. கவனிங்க, மூணுல ஒண்ணு, அதுவும் அந்த ஒரு மனுஷனுக்கு. அந்த மூணு குட்டியையும் எடுத்து வளக்க ஆளே வரல, வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தவங்க கலப்பு நாய் வேணாம்னுட்டாங்க. உடனே லேப்ரடூடுல்னு ஒரு பேர் வெச்சு விளம்பரம் பண்ணாங்க, ஃபோன் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நாய் அதேதான், பேருதான் புதுசு. அந்த கான்ரனே 2019ல ஆஸ்திரேலியாவோட ஏபிசி ரேடியோவுல, இத ஆரம்பிச்சு வெச்சதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய வருத்தம்னு சொல்லிட்டாரு, கண்டவனும் கண்ட நாயையும் பூடுலோட சேத்து காசாக்கறாங்கன்னு.

இத மன்னார்குடி மாமாகிட்ட சொன்னேன், தப்பு பண்ணிட்டேன். அம்மாவோட தம்பி, ராஜபாளையம் வளக்கறாரு. "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள, கலப்பட நாய்க்கு 32,000மா? நம்ம பஸ் ஸ்டாண்ட்ல இருக்கறது அம்புட்டும் கலப்புதான், ஓசியில ஓட்டிட்டுப் போ. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம நாய் இத்தன இருக்க உனக்கு எதுக்கு இந்த சவுரி முடி"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கு நேர் எதிர் பெங்களூர்ல இருக்கற எங்க சித்தி பொண்ணு, அவ காக்கபூ வெச்சுருக்கா, காக்கர் ஸ்பானியலும் பூடுலும் சேந்தது. அவளக் கேட்டா கலப்புன்னாதான் ஆரோக்கியமாம், சுத்த சாதி நாயெல்லாம் உள்ளுக்குள்ளேயே சேத்து சேத்து நோஞ்சானாயிடுச்சாம், சாதி சுத்தம் பேசறவங்கதான் டூடுல திட்டறாங்களாம். பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்தாங்க, கரும்பு தின்னு முடிக்கறதுக்குள்ள சண்ட.

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிதான் சரின்னு எனக்குப் பட்டுச்சு. ஆரோக்கியம்னு பாத்தா 2024ல லண்டன் ராயல் வெட்னரி காலேஜ்காரங்க காக்கபூ, லேப்ரடூடுல், கவபூ (கவலியர் ஸ்பானியலும் பூடுலும் சேந்தது) மூணையும் அதோட அப்பன் ஆத்தா இனங்களோட வெச்சுப் பாத்தாங்க, பெரும்பாலான வியாதியில வித்தியாசமே தெரியல. கலப்புன்னு கூடுதல் பலமும் இல்ல, கூடுதல் நோவும் இல்ல. ஒரத்தநாடு கால்நடை காலேஜுக்கு தடுப்பூசிக்கு கூட்டிட்டு போனப்ப அங்க ஒரு டாக்டர் சொன்னதும் அதுக்கு ஒத்துப்போச்சு. இடுப்பு மூட்டு கோளாறு லேப்புக்கும் வரும், பூடுலுக்கும் வரும், கண்ணுல பார்வை மங்கற பரம்பரை வியாதியும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் அதே குறை இருந்தா கலந்து என்ன புண்ணியம், தாய் தகப்பன டெஸ்ட் பண்ணாங்களாங்கறதுதான் கேள்வின்னாரு. நான் தகப்பனப் பாத்ததே இல்ல. வாட்ஸப்ல ஒரு போட்டோதான்.

இதுல தெளிவா பேசுனது எங்க அப்பாதான். அவரு நாயப் பத்தி ஒண்ணுமே தெரியாதவரு, விதைப்பண்ணை வெச்சு நெல்லு குடுத்தவரு. மாமா கலப்படம் கலப்படம்னு கத்துனப்ப அப்பா சாவகாசமா, "ஏண்டா, நீ குடிக்கற பாலு ஜெர்சி கிராஸ் மாட்டுப் பாலு. ஆடுதுறை 27ன்னு 60கள்ல ஒரு நெல்லு வந்துச்சே, ஜப்பான் நெல்லையும் நம்ம நெல்லையும் சேத்ததுதான, டெல்டா பூரா நட்டோமே, அப்ப எங்க போச்சு சுத்தம்"னாரு. மாமா கப்சிப். உடனே எங்க சித்தி பொண்ணு கைதட்டுனா, அப்பா அவ பக்கமும் திரும்புனாரு. "நீயும் கேட்டுக்கம்மா. ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில ரெண்டு நெல்ல ஒட்டுனதோட வித்துட மாட்டான். அதப் போட்டுப் போட்டு, தலைமுறை தலைமுறையா மாறி வர்ற கலவன் பயிரப் பிடுங்கி எறிஞ்சு, எந்த வயல்ல நட்டாலும் ஒரே உசரம் ஒரே கதிருன்னு ஆனப்புறந்தான் அதுக்கு நம்பர் குடுப்பான். உங்க நாய்க்காரன் மொத ஒட்டையே ரகம்னு வித்துட்டான்."

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. டிகிரியோட கூடப் பொறந்தது ஏழு குட்டி, ஒண்ணு வலங்கைமான்ல இருக்கு, பாத்தா அசல் லேப், முடி வழவழன்னு கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எங்களோடது பாதி பாதி. அதுதான் இருக்கறதுலயே மோசமான முடியாம், க்ரூமிங் தம்பியும் அதையேதான் சொன்னான். பூடுல் முடி சுருட்டையா இருந்தாலும் எப்படி போகும்னு தெரியும், லேப் முடி கொட்டிடும், இது லேப் மாதிரி உதிரும், உதிர்ற முடி கீழ விழாம பூடுல் சுருட்டைக்குள்ள மாட்டிக்கும், அதான் சடை. "எனக்கு வருமானம்ணே, ஆனா டூடுல் வருதுன்னா காலையிலயே இடுப்பு வலிக்குது"ன்னான். முடி கொட்டாதுன்னு பிரீடர் சொன்னது ஒரு வகையில நெசந்தான், தரையில கொட்டறதில்ல.

குணத்துல ஒரு குறை சொல்ல மாட்டேன். பையன் வேன்ல வர்ற சத்தம் எனக்குக் கேக்கறதுக்கு முன்னாடி அவனுக்குக் கேக்கும். பூடுல்னா பொம்மை நாய்னு நெனச்சுருந்தேன், அது தண்ணியில சுட்ட வாத்த எடுத்துட்டு வர பழக்குன நாயாம், லேப்பும் தண்ணி நாய்தான். மேட்டூர் தொறந்து அரசலாத்துல தண்ணி வந்துச்சுன்னா ரெண்டு பக்கத்து ரத்தமும் சேந்து ஒரே குதி. குதிச்சு ஏறி வெளிய வந்தா மணலும் வண்டலும் சேத்து ஒரு கிலோ கூடுதலா இருப்பான், அன்னைக்கு சாயந்தரமே தஞ்சாவூருக்கு ஃபோன்.

கடையில குறையும் இருக்கு. 11 மணிக்கு டைம் குடுத்துட்டு 1 மணிக்குத்தான் டேபிள்ல ஏத்துவாங்க. உக்கார ரெண்டே சேர், அதுல ஒண்ணுல எப்பவும் ஒரு பூனை. கரண்ட் போனா டிரையர் நின்னுடும், இன்வெர்ட்டர் அதத் தாங்காது, ஒரு தடவ பாதி ஈரத்தோட கூட்டிட்டு வந்தேன், ரெண்டே நாள்ல காதுல நாத்தம், சீழ், காது மருந்துக்கு தனியா 400. சொன்னேன், அடுத்த தடவ காசு கொறைச்சுக்கிட்டான், அதுக்கப்புறம் காத மொதல்ல காய வெக்கறான். முடிச்சதும் ஒரு சென்ட் அடிப்பாங்க, வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, வீசிங் இருக்கற வீட்டுக்கு அது ஆகாது. நெத்தியில ரிப்பனும் வேணாம்னு சொல்லணும். கத்திரி வெயிலுக்கு முன்னாடி குட்டையா வெட்டச் சொல்லுங்க, ஆனா தோல் தெரியற அளவுக்கு வேணாம், வெயில் சுடும், அத அவனே சொல்லுவான்.

கடைக்கு 5க்கு 4. டிகிரிக்கு 5. வித்தவருக்கு ஒண்ணுகூட தர மாட்டேன். வலங்கைமான்காரங்க இதே ஆள்கிட்ட இன்னொரு குட்டி கேக்கப் போறோம்னாங்க, தகப்பன நேர்ல காட்டச் சொல்லுங்கன்னு மட்டும் சொன்னேன், காட்டல, அவங்களும் வாங்கல.

நகம் மட்டும் வெட்ட 200, செவ்வாய்க்கிழமை லீவு. மன்னார்குடி மாமா யார்கிட்டயும் சொல்லாம ராஜபாளையத்த கார்ல ஏத்திக்கிட்டு செவ்வாய்க்கிழமையாப் பாத்து போயி, பூட்டுன ஷட்டர பாத்துட்டு திரும்பி வந்திருக்காரு. அத்தைதான் சொன்னாங்க.