பாதியிலேயே நின்ற பெட்ரோல் முள்: கே.புதூர் கார் எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு பகல்

கடந்த மாதம் மதுரையில் ஊமச்சிகுளத்திலிருந்து தல்லாகுளம் நோக்கி வந்துகொண்டிருந்தபோது, நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் நடுவில் என் கார் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றது. 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேல் பெட்ரோல் பங்க் ஏது? மீட்டரில் முள் மட்டும் பாதிக்குச் சற்று மேலே நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கின் பல்பு எப்போதோ போய்விட்டிருந்ததால், அதுவும் கைகொடுக்கவில்லை. மைத்துனர் பைக்கில் இரண்டு லிட்டர் வாங்கிவந்து ஊற்றிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

முதலில் காட்டிய சர்வீஸ் மையத்தில், வண்டியை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, மீட்டர் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், 7,500 ரூபாய் ஆகும் என்றார்கள். பதினாறு வயதான வண்டிக்கு அவ்வளவு செலவா என்று தயங்கி, அலுவலக நண்பர் சொன்னதன்பேரில் கே.புதூர் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள சிறிய கார் எலக்ட்ரிக்கல் கடைக்குச் சென்றேன். இந்த மதிப்புரை அந்தக் கடையைப் பற்றியது.

கடைக்காரர் மீட்டர் போர்டைத் தொடவே இல்லை. பின் இருக்கையைத் தூக்கி, அதற்கு அடியில் இருந்த தகட்டு மூடியைத் திறந்து, டேங்க் யூனிட்டின் (டேங்கில் உள்ள பெட்ரோல் அளவை மிதவையால் அறிந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்) கனெக்டரைக் கழற்றிவிட்டு என்னைச் சாவி போடச் சொன்னார். மாதக்கணக்கில் அசையாத முள் மெல்ல இறங்கிக் காலி என்ற குறிக்குப் போனது. பிறகு முள்ளுக்குப் போகும் வயரை ஒரு துண்டுக் கம்பியால் எர்த் செய்ததும், அதாவது வண்டியின் இரும்பு உடலோடு இணைத்ததும், அதே முள் முழு அளவு வரை ஏறியது. "மீட்டரும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. கோளாறு டேங்குக்குள்ளதான் சார்" என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்த இந்தச் சோதனையை முதல் இடத்தில் ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் டேங்க் யூனிட்டின் வயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும் புதிய கார்களில் இப்படி எர்த் செய்து பார்க்கக் கூடாது, அவற்றை ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும் என்று அவரே எச்சரித்தார்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கதவுகள் நான்கையும் திறந்துவைத்த பிறகே யூனிட்டை வெளியே எடுத்தார். பழைய நாளிதழின் மேல் அதைக் கிடத்தியபோது பார்த்தேன்: மிதவை தாங்கும் மெல்லிய கம்பிக் கை, பாதி உயரத்தில் கீலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் தள்ளியதும் 'டிக்' என்ற சத்தத்துடன் விடுபட்டது. சென்ற ஆண்டு நான் எட்டு மாதம் வெளியூரில் இருந்தபோது, ஏறத்தாழ அரை டேங்க் பெட்ரோலோடு கார் அப்படியே நின்றிருந்தது. நாள்பட்ட பெட்ரோல் பிசின்போல் படிந்து கையை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது என்பது அவர் விளக்கம். கை நகரும்போது உரசிச் செல்லும் கருப்புத் தடத்தின் மேலும் அழுக்குக் கோடாகப் படிந்திருந்தது. மல்டிமீட்டரை மாட்டி மிதவையை அடியிலிருந்து உயர்த்தியபோது சீராகக் குறைய வேண்டிய ஓம் கணக்கு (மின்தடை அளவு) நடுவில் இரண்டு இடங்களில் அறுந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பஞ்சால் துடைத்து, தடத்தைத் தொடும் சிறு தகடுகளை மயிரிழை அளவுக்கு அழுத்திவிட்ட பிறகு எண்கள் எங்கும் தாவாமல் இறங்கின. மணல் தாள் வைத்துத் தேய்க்காதது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தடம் மிக மெல்லியது, ஒருமுறை தேய்ந்தால் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். யூனிட்டின் வாயில் இருந்த பழைய ரப்பர் வளையத்தையே மீண்டும் போட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் வெயிலில் கார் நின்றபோது உள்ளே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. திரும்பப் போனதும் மறுபேச்சில்லாமல், வடக்கு வெளி வீதியிலிருந்து புதிய வளையம் வரவழைத்துப் போட்டுக் கொடுத்தார்கள், வளையத்துக்கான 180 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு. ஆனால் பெட்ரோல் டேங்கைத் திறக்கும் வேலையில் இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். திறந்த டேங்குக்குப் பக்கத்தில் தீயணைப்பான் எதுவும் கண்ணில் படவில்லை. ரசீதும் கேட்ட பிறகுதான் வந்தது. ஒரு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் காத்திருந்தேன். நிழலில் ஒரு பெஞ்சும் எதிரே டீக்கடையும் இருந்ததால் பொழுது போயிற்று.

கூலியும் கிளீனருமாகச் சேர்த்து 650 ரூபாய் ஆனது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட அன்று பங்கில் முழுவதுமாக நிரப்பிப் பார்த்தேன்: 35 லிட்டர் டேங்கில் 31 லிட்டர் பிடித்தது. முள் சொன்ன கணக்கு சரிதான்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது, காலையிலேயே போய்விடுவது நல்லது. பின் இருக்கைக்கு அடியில் மூடி இல்லாத வண்டிகளில் டேங்கையே கீழே இறக்க வேண்டியிருக்கும் என்பதால், கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கின் பல்பை மாற்ற மீட்டர் போர்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அதற்காக அடுத்த வாரம் மறுபடியும் அதே கடைக்குத்தான் போகிறேன்.