திருத்தக் கொடுத்த பேஸ் கிட்டாரில் மாற்றப்பட்ட பிக்கப்புகள்: மட்டக்களப்பு வாசிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு நகரில் இசைக்கருவி திருத்தும் ஓர் இடத்தில், பிரீஅம்ப் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும், பற்றரியில் இயங்கும் மின்சுற்று) பொருத்துவதற்காக நான் ஒப்படைத்த பேஸ் கிட்டாரிலிருந்து அதற்குரிய பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) இரண்டும் கழற்றி எடுக்கப்பட்டு, மலிவான வேறொரு சோடி பொருத்தப்பட்டுத் திருப்பித் தரப்பட்டது. முறைப்பாடு செய்திருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் இந்த மாற்றம் எப்படி மறைக்கப்பட்டது, எப்படி வெளிப்பட்டது என்பதை விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் இரண்டு சோடிகளுக்கும் மேலே இருப்பது ஒரே மாதிரியான கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

என்னுடையது பெண்டர் நிறுவனத்தின் ‘ஜாஸ் பேஸ்’ என்ற மாதிரி, மெக்சிக்கோவில் தயாரானது, 2018இல் அறிமுகமான பிளேயர் வரிசையைச் சேர்ந்தது. கொழும்பில் பாவித்த நிலையில் வாங்கினேன். பாவித்த பேஸ் வாங்குவோர் பொதுவாகத் தலைப்பகுதியில் உள்ள பெயரையும், அதன் பின்புறத்தில் ‘எம்எக்ஸ்’ என்று தொடங்கும் தொடர் இலக்கத்தையும், கழுத்து வளையாமல் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். பெண்டரின் மலிவு வகையான ஸ்குவயரை விட இதற்குக் கூடிய விலை கொடுப்பதற்கான காரணங்களில் ஒன்று அதன் அல்னிக்கோ 5 என்ற கலப்புலோகக் காந்தப் பிக்கப்புகள். எனினும் அவற்றை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. களவெடுப்பவருக்கு இது மிகவும் வசதியானது: பெயரும் இலக்கமும் அப்படியே இருக்க, ஒலியைத் தரும் உறுப்பு மட்டும் கைமாறிவிடும்.

பிரீஅம்ப் பொருத்த விரும்பியதற்கு எங்கள் இசைக்குழுவின் தேவையே காரணம். கோயில் திருவிழா மேடைகளிலும், பாசிக்குடா விடுதிகளிலும், கல்யாண வீடுகளிலும் வெவ்வேறு ஒலிபெருக்கிகளோடு வாசிக்க வேண்டியிருக்கிறது. தாழ்ந்த ‘ஈ’ (E) தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ் என்பதால், சிறிய பெட்டிகளில் அது காதுக்கு எட்டுவதேயில்லை. நடுத்தர அதிர்வெண்களைக் கையிலிருந்தே கூட்டிக் குறைக்க முடிந்தால் அந்தக் குறையை ஓரளவு சமாளிக்கலாம். (பற்றரி இல்லாத பேஸ்தான் உண்மையான பேஸ் என்று வாதிடுவோருடன் எனக்குச் சண்டையில்லை, அவர்கள் நல்ல ஒலிபெருக்கிகளோடு வாசிப்பவர்களாக இருக்கக்கூடும்.)

திருப்பி எடுத்தபோது கடையிலிருந்த சிறிய அம்பிளிபயரில் வாசித்துப் பார்த்தேன்; சத்தம் வந்தது, புதிய குமிழ்களும் வேலை செய்தன. கோளாறுகள் வீட்டுக்கு வந்த பின்னரே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 9 வோல்ட் பற்றரி, வாசிக்காமல் வைத்திருந்தபோதும் தீர்ந்துகொண்டே போனது. பிரீஅம்ப் பொருத்திய பேஸில் மூன்று தொடுமுனைகள் கொண்ட ஸ்ரீரியோ ஜாக் (வயரைச் செருகும் துளை) போட வேண்டும். வயரைச் செருகும்போது மட்டும் பற்றரியின் மறைமுனை (நெகற்றிவ்) இணைந்து மின்சுற்று இயங்குவதற்காகவே அது. எனக்குப் இரண்டு தொடுமுனைகள் மட்டும் கொண்ட பழைய மொனோ ஜாக்கையே அப்படியே வைத்துவிட்டு, பற்றரியை நேரடியாக இணைத்திருந்தார்கள். அக்கரைப்பற்றில் ஒரு கல்யாண வீட்டில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கரகரத்து, மெலிந்து, முற்றாக நின்றுபோனது.

அதைவிடப் பெரிய சந்தேகத்தைத் தந்தது இரைச்சல். ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் கொண்டவை. தனித்தனியாக வாசித்தால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றின் சுருள் மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் எதிர்முனையாக வைக்கப்பட்டிருப்பதால், இரண்டு வொலியூம்களையும் சமமாகத் திறக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழித்து அடங்கிவிட வேண்டும். என்னுடையதில் அடங்கவில்லை. கடையில் கேட்டபோது, பிரீஅம்ப் ஒலியைப் பெருக்குவதால் இரைச்சலும் பெருகும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமான பதில். சோதித்துப் பார்த்தால் நிற்காத பதில்.

கல்முனையில் வசிக்கும், அதே வரிசைப் பேஸை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் என்னுடையதைக் கொண்டுபோய், பிரீஅம்பை முற்றாகக் கழற்றி, பிக்கப்புகளை முன்பிருந்தபடியே ஜாக்குடன் இணைத்து, இரண்டையும் ஒரே வயரில், ஒரே அம்பிளிபயரில், மாறி மாறி வாசித்தோம். இரண்டு வொலியூம்களையும் திறந்ததும் அவருடையது அமைதியானது. என்னுடையது ஜெனரேற்றர் போல உறுமிக்கொண்டேயிருந்தது. தந்தியைக் கையால் தொட்டால் அவருடையதில் இரைச்சல் குறைந்தது, என்னுடையதில் எந்த மாற்றமும் இல்லை. தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகமான பிரிட்ஜின் அடியிலிருந்து வர வேண்டிய பூமித்தொடுப்பு வயர் ஈயப்பற்று விட்டுத் தொங்கியதே அதற்குக் காரணம்.

பிறகு பிக்கப்புகளை வெளியே எடுத்தோம். ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், கழுத்துப் பக்கத்ததை விடச் சில மில்லிமீற்றர் நீளமானது. மரத்தில் வெட்டப்பட்ட குழியும் அதற்கேற்ப நீளமானது. எனக்குப் பொருத்தப்பட்டிருந்த இரண்டும் ஒரே நீளம், எஞ்சிய இடைவெளியைக் கறுப்புப் பஞ்சுத் துண்டால் அடைத்திருந்தார்கள். நண்பருடையதில் தந்திக்குக் கீழே தெரியும் முளைகளே அல்னிக்கோக் காந்தங்கள். என்னுடையதில் அவை வெறும் இரும்பு முளைகள், அடியில் ஒரு தட்டைக் காந்தம் ஒட்டப்பட்டிருந்தது. பாடசாலைத் திசைகாட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம்: அவருடைய இரு பிக்கப்புகளும் ஊசியின் எதிரெதிர் முனைகளை இழுத்தன, என்னுடையவை இரண்டும் ஒரே முனையை இழுத்தன. இரைச்சல் ஏன் அடங்கவில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கேட்கப் போனபோது திருத்துபவர் முகம் மாறவேயில்லை. “தம்பி, பழசெல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு. உங்களுக்கு நல்லதெண்டுதான் மாத்தினன்” என்றார். கழற்றியதைத் தாருங்கள் என்றதும், “அது அப்பவே குப்பையில போயிற்று” என்றார். கடல் காற்றும் வாவிக் காற்றும் படும் ஊரில் தந்தியும் பிரிட்ஜும் கறள் பிடிப்பது உண்மைதான். முளைகளின் தலையிலும் மெல்லிய கறள் ஏறக்கூடும். அதனால் உள்ளே சுருள் பழுதாகிவிடாது. பழுதாகியிருந்தாலும் சொல்லாமல் மாற்றவோ எறியவோ அவருக்கு உரிமையில்லை.

பற்றுச்சீட்டில் “கிட்டார் ரிப்பெயார்” என்ற இரண்டு சொற்களும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன, இப்போது அவர் அதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார். ஆகவே ஒப்படைக்கும்போதே தொடர் இலக்கத்தையும், செய்ய வேண்டிய வேலையையும், கழற்றப்படும் ஒவ்வோர் உறுப்பும் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிக்கப்புகளைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பற்றரியில்லாத பேஸாக இருந்தால், வயரைச் செருகி, ஒரு வொலியூமை முழுதாகத் திறந்து மற்றதை மூடி, வயரின் மறுமுனையில் மல்டிமீற்றரை வைத்து ஓம் அளவை (மின்தடையை)க் குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸ் பேஸில் பெரும்பாலும் 7 கிலோ ஓமுக்கு அண்மையில் வரும். பிரீஅம்ப் பொருத்திய பின்னர் இப்படி வெளியிலிருந்து அளக்க முடியாது என்பதால், முன்கூட்டியே அளப்பதுதான் பயன் தரும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். “அடுத்த கிழமை வாங்க, பார்ப்பம்” என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் காலமும் அதற்குள்தான் கழியும். தொலைபேசியில் விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பிளேயர் வரிசை ஜாஸ் பேஸின் பிக்கப் சோடி ஒன்று தனியாக விற்பனைக்கு வந்தால், வாங்குமுன் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் கறுப்பு வயரைப் பாருங்கள். என்னுடையது முன்பொருமுறை அறுந்து, ஒட்டப்பட்டு, அந்த இடத்தில் மஞ்சள் ரேப் சுற்றப்பட்டிருக்கிறது. என்னிடமுள்ள பழைய படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. அப்படி ஒன்றைக் கண்டவர்கள் விற்பவருடைய விபரத்தோடு எனக்கு அறியத் தாருங்கள்.